மாதுளை முத்தும் சிவப்பு மச்சமும்: தோல் மருத்துவர் பதில்கள்

கேள்வி (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி): எனக்கு வயது 52. ஐந்தாறு ஆண்டுகளாக மார்பிலும் வயிற்றிலும் குங்குமத்தைத் தொட்டு வைத்தாற்போலச் சிறு சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தோன்றி வருகின்றன. உடம்புச் சூடு என்று அக்கம்பக்கத்தில் சொன்னதால் நான் பொருட்படுத்தவில்லை. போன மாதம், பாவாடை நாடா இறுகும் இடத்தில் இருந்த புள்ளி ஒன்று திடீரெனக் கறுத்துவிட்டது. இணையத்தில் தேடிப் பார்த்த என் மகன், தோல் புற்றுநோயாக இருக்குமோ என்று பயந்து தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றான். அவர் பசை போன்ற ஒன்றைத் தடவி, விளக்கு பொருத்திய லென்ஸ் ஒன்றை வைத்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இது இரத்தக்குழாய் மச்சம், பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சதைப் பரிசோதனையும் இல்லை, இரத்தப் பரிசோதனையும் இல்லை. பார்வையை மட்டும் நம்பி இருந்துவிடலாமா டாக்டர்?

பதில்: இருந்துவிடலாம் என்றே நினைக்கிறேன். உங்கள் தோலை நான் பார்க்கவில்லை. ஆகவே கடிதத்தில் உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த மருத்துவர் லென்ஸுக்குள் எதைக் கண்டிருப்பார், எதைக் காணாததால் கத்தியை எடுக்காமல் விட்டிருப்பார் என்பதை விளக்குகிறேன்.

நீங்கள் விவரித்திருப்பவை செர்ரி ஆஞ்சியோமா எனப்படும் தீங்கற்ற இரத்தக்குழாய்ப் பெருக்கங்களாக இருக்கும் வாய்ப்பே அதிகம். பொதுவாக முப்பது வயதுக்கு மேல் தோன்றத் தொடங்கி, வயது ஏற ஏற எண்ணிக்கையில் கூடிவரும் இவை, பெரும்பாலும் மார்பு, வயிறு, முதுகு ஆகிய இடங்களில் 1 மில்லிமீட்டர் முதல் 5 மில்லிமீட்டர் வரையிலான அளவில், தொட்டால் சற்றே மேடு தட்டுப்படும்படி அமைந்திருக்கும். மேல்தோலுக்கு அடியில் உள்ள தந்துகிகள், அதாவது மயிரிழையினும் மெல்லிய இரத்தக் குழாய்கள், ஓரிடத்தில் பெருகி விரிந்து இரத்தம் நிரம்பி நிற்பதுதான் வெளியே சிவப்பாகத் தெரிகிறது. உடம்புச் சூட்டுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. வெந்தயத்தை ஊறவைத்துச் சாப்பிட்டு ஒரு புள்ளி மறைந்ததாக நான் கண்டதில்லை. இவற்றுக்குக் கேம்பெல் டி மார்கன் புள்ளிகள் என்று இன்னொரு பெயரும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இலண்டனில் அறுவை மருத்துவராக இருந்த அவர், இந்தப் புள்ளிகளுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று கருதினார். அந்தக் கருத்து பின்னர் நிலைக்கவில்லை. ஆனால் அவருக்கு வந்த அதே ஐயம், ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் உங்கள் மகனைப் போன்றவர்களுக்குக் கைப்பேசி வழியாக வந்துகொண்டிருக்கிறது.

இனி அந்தக் கருவிக்கு வருகிறேன். அதன் பெயர் டெர்மாஸ்கோப். பெரும்பாலான கைக்கருவிகள் தோலைப் 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகின்றன. பெரிதாக்குவது மட்டும் அதன் வேலை என்றால், கடிகாரம் பழுதுபார்ப்பவரின் கண்ணாடியே போதும். கண்ணாடி போட்ட சாமி படத்தின் மேல் குழல்விளக்கின் வெளிச்சம் விழும்போது, படத்தில் இருக்கும் உருவம் மறைந்து வெளிச்சம் மட்டும் பளீரென்று கண்ணில் படும் அல்லவா? நம் தோலின் மேற்பரப்பும் அப்படித்தான் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. மருத்துவர் தடவிய பசை, ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் தடவும் அதே ஜெல்லாக இருக்கும். அது தோலுக்கும் கண்ணாடிக்கும் இடையே உள்ள காற்றை நீக்கி, அந்தப் பளபளப்பை அடக்குகிறது. முனைவாக்கிய ஒளியை, அதாவது ஒரே திசையில் அதிரும்படி வடிகட்டிய ஒளியை, பயன்படுத்தும் கருவிகளில் ஜெல் இல்லாமலும் இதைச் செய்யலாம். பளபளப்பு போனதும் மேல்தோலுக்குக் கீழே என்ன நிறம், என்ன வடிவம் என்பதெல்லாம் தெரியத் தொடங்கும். இரத்தக்குழாய்ப் புள்ளிகளைப் பார்க்கையில் கருவியை அழுத்தக் கூடாது என்பது நாங்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம். கை சற்று அழுந்தினாலும் குழாய்களில் உள்ள இரத்தம் விலகி, பார்க்க வேண்டியதே காணாமல் போய்விடும். ஜெல்லைத் தாராளமாக வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கருவி தோலின் மேல் அமராமல் ஜெல்லின் மேல் மிதக்க வேண்டும்.

செர்ரி ஆஞ்சியோமாவை இப்படிப் பார்க்கும்போது தெரியும் காட்சியை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தால், மாதுளம்பழத்தைப் பிளந்து பாருங்கள் என்பேன். வெறும் கண்ணுக்கு ஒரே சிவப்புப் பொட்டாகத் தெரிந்தது, லென்ஸின் கீழே வட்டமும் நீள்வட்டமுமான பல தனித்தனி அறைகளாகப் பிரிந்துவிடும். ஒவ்வோர் அறையின் விளிம்பும் தெளிவாக இருக்கும். அறைகளுக்கு நடுவே மாதுளையின் சவ்வைப் போல வெளிறிய கோடுகள் ஓடும். சில அறைகள் நல்ல சிவப்பு, சில கருஞ்சிவப்பு, சற்று ஆழத்தில் உள்ளவை ஊதா அல்லது நீலம். இந்த அறைகளை லாக்குனா என்கிறோம். சிறு குட்டை என்று பொருள். உண்மையில் அவை குட்டைகளேதான். விரிந்துபோன இரத்தக் குழாயின் உட்குழிவுகள் மேலிருந்து பார்க்கும்போது அப்படித் தெரிகின்றன.

உங்களைக் கவலைப்படுத்தும் கறுத்த புள்ளிக்கும் விடை இந்தக் குட்டைகளுக்குள்ளேயே இருக்கிறது. நாடா உராய்ந்தோ நசுங்கியோ ஓர் அறைக்குள் இரத்தம் உறைந்துவிட்டால், அந்த அறை கன்னங்கரேலென்று மாறிவிடும். தோலில் கறுப்பு நிறம் இரண்டு வழிகளில் வரும்: ஒன்று மெலனின் என்னும் நிறமி, மற்றொன்று உறைந்த இரத்தம். வெறும் கண்ணால் இரண்டையும் பிரித்தறிவது கடினம் என்பதால்தான் இரத்தம் உறைந்த ஆஞ்சியோமா மெலனோமா என்னும் கொடிய புற்றுநோயைப் போல வேடம் போட்டு எங்களையும் மிரட்டுகிறது. லென்ஸின் கீழே, கறுத்த அறையை ஒட்டி இன்னும் சிவப்பாகவோ ஊதாவாகவோ இருக்கும் அறைகள் தெரிந்தால் அது இரத்தத்தின் கறுப்பு என்று முடிவுசெய்ய வலுவான ஆதாரம் கிடைத்துவிடுகிறது. கூடவே மெலனோமாவுக்குரிய அடையாளங்கள் ஏதும் இருக்கின்றனவா என்றும் தேட வேண்டும்: ஒழுங்கற்ற பழுப்பு நிற வலைப்பின்னல், ஓரத்தில் கதிர்போல நீளும் கோடுகள், சீரற்றுச் சிதறிய புள்ளிகள், நீலமும் வெண்மையும் கலந்த மூட்டம். இவை எதுவும் இல்லாமல், மாதுளை அறைகள் மட்டும் தெளிவாக இருந்தால் சதையை வெட்டிப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. உங்கள் மருத்துவரின் இரண்டு நிமிடத்தில் இத்தனையும் அடங்கும். இரத்தப் பரிசோதனை செய்திருந்தாலும் அது இந்த ஐயத்தைத் தீர்த்திருக்காது.

நம் தோலுக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பாடநூல்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. அங்கே சிவப்பு சிவப்பாகவே தெரியும். நம் மாநிறத் தோலிலோ கறுத்த தோலிலோ அதே ஆஞ்சியோமா வெறும் கண்ணுக்குக் கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ, சில சமயம் ஏறத்தாழக் கறுப்பாகவோ தோன்றும். மேலும் நோய் ஏதும் இல்லாத நம் தோலிலேயே பழுப்பு நிற வலைப்பின்னல் லென்ஸில் தெரிவது இயல்பு. புள்ளிக்குள் இருக்கும் வலை எது, சுற்றியுள்ள தோலின் இயல்பான வலை எது என்று பிரித்துப் பார்க்கப் பழகாத கண், தேவையில்லாமல் பயப்படவும் கூடும், தேவையில்லாமல் வெட்டவும் கூடும். அதனால் நான் எப்போதும் புள்ளியைப் பார்ப்பதற்கு முன் அதற்குப் பக்கத்தில் உள்ள வெறுந்தோலை ஒருமுறை பார்த்துவிடுவேன்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கறுத்த புள்ளியைப் பக்கத்தில் அளவுகோல் வைத்து இன்று ஒரு படம் எடுத்து வையுங்கள். சில வாரங்களில் அது காய்ந்து உதிரலாம், சிறுத்துப் போகலாம், அப்படியே நிற்கவும் செய்யலாம். பெரிதானாலோ, சுற்றிலும் பழுப்பு படர்ந்தாலோ, தானாகப் புண்ணானாலோ மறுபடி காட்டுங்கள். ஏற்கெனவே பார்த்தாயிற்றே என்று அப்போது தயங்க வேண்டாம்.

கேள்வி (நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்): கைப்பேசியில் மாட்டும் லென்ஸ்கள் இப்போது குறைந்த விலையில் கிடைக்கின்றன. ஒன்றை வாங்கி வீட்டிலேயே மச்சங்களைப் பார்த்துக்கொள்ள முடியாதா?

பதில்: பார்க்கலாம், படமும் நன்றாகவே விழும். அதைப் படிப்பதில்தான் சிரமம். உருப்பெருக்கும் லென்ஸ் மட்டும் போதாது என்பதை மேலே சொன்னேன். பளபளப்பை அடக்க வழி வேண்டும். இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. ஜெர்மானியத் தோல் மருத்துவர் உன்னா 1893ஆம் ஆண்டிலேயே தோலில் எண்ணெய் தடவிக் கண்ணாடியை வைத்து ஆழத்தில் உள்ளதைப் பார்த்தார். 1920இல் மியூனிக்கில் சாஃபியர் என்பவர் இந்த முறைக்கு டெர்மாட்டோஸ்கோப்பி என்று பெயர் வைத்தார். நீங்கள் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, கைப்பேசியில் படம் எடுத்தால் உன்னா கண்டதில் ஒரு பகுதியை நீங்களும் காணலாம்.

ஆனால் சிவப்பாக, உருண்டையாகத் தெரிவதெல்லாம் லாக்குனா ஆகிவிடாது. நிறமி இல்லாத மெலனோமா என்று ஒன்று உண்டு. அது கறுக்காது, இளஞ்சிவப்பாகவே இருந்து ஆளை ஏமாற்றும். அதற்குள்ளும் சிவப்பு உருண்டைகள் தெரியலாம். ஆனால் அவை பாலில் கரைந்தாற்போல மங்கி, விளிம்பு தெளியாமல் இருக்கும். ஆஞ்சியோமாவின் அறையில் விளிம்பைப் பென்சிலால் வரைந்துவிடலாம் போலிருக்கும். இந்த வேறுபாடு எழுத்தில் எளிதாக இருக்கிறது. எனக்குக் கண் பழக, கற்ற காலத்தில் நூற்றுக்கணக்கான புள்ளிகளைப் பார்க்க வேண்டியிருந்தது. ஆகவே, மாற்றத்தைப் பதிவுசெய்ய உங்கள் லென்ஸைப் பயன்படுத்துங்கள்; தீர்ப்புச் சொல்லப் பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு வாசகி): என் மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. விரல் நுனியில் முள் குத்திய இடத்தில் மூன்றே வாரங்களில் சிவப்பாக ஒரு சதைக்கட்டி வளர்ந்திருக்கிறது. பாத்திரம் துலக்கும்போது லேசாகப் பட்டாலும் இரத்தம் கொட்டுகிறது. மருத்துவர் லென்ஸில் பார்த்துவிட்டு, "இரத்தக்குழாய்க் கட்டிதான், ஆனாலும் எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்" என்கிறார். சாதாரணக் கட்டி என்றால் சோதனை எதற்கு?

பதில்: ஏனென்றால் இந்த ஒரு கட்டியில் டெர்மாஸ்கோப்பின் சொல்லை நாங்கள் முழுவதும் நம்புவதில்லை. உங்கள் மகளுக்கு இருப்பது பயோஜெனிக் கிரானுலோமா என்று தோன்றுகிறது. பெயரைப் பார்த்தால் சீழ் பிடித்த கட்டி என்று பொருள் வரும். உண்மையில் அதில் சீழும் இல்லை, அது கிரானுலோமா என்ற வகையைச் சேர்ந்ததும் இல்லை. இரண்டு சொல்லும் தவறான அருமையான பெயர் அது. சிறு காயத்துக்குப் பிறகும் கர்ப்பக் காலத்திலும் இரத்தக் குழாய்கள் அவசர அவசரமாகப் பெருகி இப்படி ஒரு மொட்டாக நிற்கும். கர்ப்பிணிகளுக்கு ஈறிலும் வரும்.

லென்ஸில் சிவப்பான, ஒரே சீரான பரப்பும், அதன் அடியைச் சுற்றி வெண்ணிற வளையமும், சில நேரம் பரப்பைக் குறுக்கே பிரிக்கும் வெண்கோடுகளும் தெரியும். மூன்று அடையாளங்களும் பொருந்தி வந்தாலும், முன்பு சொன்ன நிறமியற்ற மெலனோமா இதே முகத்தோடு வந்து நிற்கக்கூடும். விரல் நுனி, உள்ளங்கால் போன்ற இடங்களில் அந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை. எனவே அகற்றிய சதையை நோய்க்குறியியல் ஆய்வுக்கு அனுப்பச் சொன்ன உங்கள் மருத்துவர் சரியாகவே செய்கிறார். அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டுச் சுரண்டி எடுத்து, அடியைச் சூடு வைப்பது சிறிய சிகிச்சைதான். கர்ப்பத்தை அவரிடம் சொல்லியிருப்பீர்கள். பிரசவத்துக்குப் பிறகு தானாகச் சுருங்குவதும் உண்டு என்பதால், இரத்தப்போக்கு கட்டுக்குள் இருந்து, அடையாளங்களில் ஐயம் ஏதும் இல்லையென்றால் காத்திருக்கலாமா என்று மகப்பேறு மருத்துவரையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி (பெயரும் ஊரும் வேண்டாம் என்ற ஒரு வாசகர்): வயது 47. விதைப்பையின் தோலில் கருஞ்சிவப்பாக, கடுகு அளவில் பத்துப் பதினைந்து புள்ளிகள் இருக்கின்றன. ஒருமுறை உள்ளாடையில் இரத்தக் கறை பட்டது. பால்வினை நோயாக இருக்குமோ என்ற அச்சத்தில் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

பதில்: சொல்லிவிடுங்கள். நீங்கள் எழுதியிருப்பது ஆஞ்சியோகெரட்டோமாவின் வர்ணனை. 1896இல் ஃபோர்டைஸ் என்ற அமெரிக்க மருத்துவர் விதைப்பையில் வரும் இந்தப் புள்ளிகளைப் பதிவுசெய்ததால் அவர் பெயராலேயே வழங்குகிறது. இது தொற்றுநோய் இல்லை, உறவால் வருவதில்லை, மனைவிக்குப் பரவாது. இங்கேயும் விரிந்த குழாய்கள்தான். மேலே உள்ள தோல் மட்டும் சற்றுத் தடித்துச் சொரசொரப்பாகியிருக்கும். அதனால் லென்ஸில் கருஊதா அறைகளின் மேல் வெண்ணிற மூட்டம் ஒன்று படிந்தாற்போலத் தெரியும், இரத்தம் கசிந்த இடத்தில் காய்ந்த பொருக்கும் இருக்கும். அடிக்கடி கசிந்தால் லேசராலோ மின்சூட்டாலோ அகற்றலாம். இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம். ஆனால் ஒருமுறையாவது மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இதே புள்ளிகள் சிறுவனுக்கோ விடலைப் பையனுக்கோ, தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதியில் கொத்துக் கொத்தாக வந்தால் கதை வேறு. அதனுடன் காய்ச்சல் வரும்போதும் வெயிலில் விளையாடும்போதும் கை கால் நெருப்பாய் எரிகிறது என்று அவன் சொல்லி, வியர்வையும் குறைவாக இருந்தால், ஃபேப்ரி நோயை நினைக்க வேண்டும். ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் என்ற நொதி குறைவதால் வரும் பரம்பரை நோய் அது. சிறுநீரகத்தையும் இதயத்தையும் காலப்போக்கில் தாக்கும். 1898இல் ஜெர்மனியில் ஃபேப்ரியும் இங்கிலாந்தில் ஆண்டர்சனும் தனித்தனியே இதைத் தோல் புள்ளிகளிலிருந்துதான் கண்டறிந்தார்கள். ஒவ்வொரு புள்ளியையும் டெர்மாஸ்கோப் ஆஞ்சியோகெரட்டோமா என்று சரியாகவே சொல்லும். ஆனால் அந்தப் பையனுக்கு வேண்டிய விடை அவனைக் கேள்வி கேட்பதிலும் நொதி, மரபணுப் பரிசோதனைகளிலும்தான் கிடைக்கும்.

கேள்வி (தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்): என் தந்தைக்கு 74 வயது. கீழுதட்டில் நாவற்பழ நிறத்தில் மெத்தென்று ஒரு புள்ளி. வெற்றிலை பாக்குப் போடும் பழக்கம் உள்ளவர் என்பதால் பயமாக இருக்கிறது.

பதில்: சுத்தமான கண்ணாடித் துண்டால் மெல்ல அழுத்தினால் நிறம் வெளிறி, எடுத்ததும் மீண்டும் நாவல் நிறம் ஏறினால் அது வீனஸ் லேக் என்னும் விரிந்த சிறு சிரையாக இருக்கலாம். பல ஆண்டு வெயில் பட்ட உதட்டில் முதுமையில் வருவது, தீங்கற்றது. அழுத்தியும் நிறம் மாறாவிட்டால், கெட்டியாக இருந்தால், ஆறாத புண்ணோ வெள்ளைப் படலமோ சேர்ந்திருந்தால் தாமதம் கூடாது. நீங்கள் சொன்ன பழக்கம் வாய்ப்புற்றுக்கு வழிவிடுவது என்பதால், புள்ளி எதுவாக இருந்தாலும் வாய் முழுவதையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி (சேலத்திலிருந்து ஒரு வாசகி): கழுத்தில் உள்ள சிவப்பு மச்சத்தை எடுத்துவிட ஆசை. தலைமுடியால் கட்டினால் விழுந்துவிடும், சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைத்தால் உதிர்ந்துவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். காம்புள்ள மருவில் முடியைக் கட்டுவது பழைய வழக்கம். ஆனால் ஆஞ்சியோமாவுக்குப் பெரும்பாலும் கட்டுவதற்குக் காம்பே இருக்காது. சுண்ணாம்பும் சோடாவும் சேர்ந்த காரம் மச்சம் எது, தோல் எது என்று பார்த்து அரிக்காது. அப்படி வைத்துக்கொண்டு வந்த ஒரு பெண்ணுக்குக் கடுகளவுச் சிவப்புப் புள்ளி இருந்த இடத்தில் ஒரு ரூபாய் நாணய அளவில் புண் இருந்தது. ஆறிய பிறகு தடித்த தழும்பாக நின்றது. அதைவிட எனக்கு வருத்தமாக இருந்தது, அங்கே முதலில் இருந்தது என்ன என்று சொல்ல எந்த வழியும் மீதமில்லாமல் போனதுதான்.

அழகுக்காக எடுப்பதில் தவறில்லை. மின்சூடு, ரேடியோ அலைக் கருவி, இரத்தச் சிவப்பை மட்டும் தேடிப் பிடிக்கும் லேசர்கள் என்று பல வழிகள் உண்டு; சிறிய புள்ளிக்குச் சில நொடிகளே ஆகும். நம் தோலில் அந்த இடம் சில மாதங்கள் கறுத்திருக்க வாய்ப்பு உண்டு என்பதால், முகூர்த்த நாளுக்கு முந்தைய வாரம் வந்து கேட்காதீர்கள். பொருக்கைப் பிய்க்காமல் தானாக உதிர விடுங்கள், வெயில் படும் கழுத்தென்றால் சன்ஸ்கிரீன் தடவுங்கள். சூடு வைத்து எரித்த புள்ளியைச் சோதனைக்கு அனுப்ப முடியாது. ஆகவே சிகிச்சை செய்யும் இடம் மருத்துவமனையோ அழகு நிலையமோ, எரிப்பதற்கு முன் தோல் மருத்துவர் ஒருவர் டெர்மாஸ்கோப் வைத்துப் பார்த்தாரா, படம் எடுத்துக் கோப்பில் வைத்தாரா என்று கேட்டுவிட்டுக் கழுத்தைக் காட்டுங்கள்.